மனு எழுதித் தருபவருக்கு ஒரு மேசை போடுங்கள்

கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டால் 50. வேலையில் அடிபட்ட தொழிலாளியின் சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று சொல்வதற்காக, 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டு (இஎஸ்ஐ) சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் எழுதிவைத்த எண்கள் இவை. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இத்தகைய அட்டவணை உண்டு.

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் நகரங்களில் இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. தோலை அச்சு வைத்து அழுத்தி வெட்டும் கிளிக்கிங் மெஷின், சதையைச் சீவும் ஃபிளெஷிங் மெஷின், தோலின் கனத்தைக் குறைக்கும் ஷேவிங் மெஷின் என்று டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் கை போகும் இடமெல்லாம் கத்தியும் உருளையும்தான். ஒரு நொடி கவனம் பிசகினால் விரல் போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்பதைத் தீர்மானிப்பது காயத்தின் ஆழம் மட்டுமல்ல. அந்தச் சமயத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாரா, இல்லையா என்பதும்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் இஎஸ்ஐ தொழிலாளி ஒருவருக்குக் கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கான தொகை சம்பளத்தில் 90 விழுக்காடு. அதில் 30 விழுக்காடு என்றால் மாதம் சுமார் 3,240 ரூபாய். இது ஆயுள் முழுக்க வரும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தத் தொகைக்குக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்களுக்கும் ஈடு உண்டு. குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலில் பல காலமாக இருக்கின்றன. தோலைக் குரோமில் ஊறவைத்துப் பதனிடும் ஊரில் இதைத் தெரிந்துவைத்திருக்கும் தொழிலாளர்கள் எத்தனை பேர்?

நடைமுறையில் நடப்பது வேறு. அடிபட்டவரை மேஸ்திரி ஆட்டோவில் ஏற்றித் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார். கம்பெனி பில்லைக் கட்டுகிறது, கைச்செலவுக்கு ஏதோ கொடுக்கிறது. குடும்பமும் நன்றியோடு வீடு திரும்புகிறது. விபத்து அறிக்கை இஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. அது போகாவிட்டால் அடிபட்டது வேலை செய்யும் இடத்தில்தான் என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. ஆறு மாதம் கழித்து, கை தேறாது என்று தெரிந்து, வேலையும் போன பிறகு ஒருவர் அலுவலகப் படியேறும்போது அவர் கையில் இருப்பது மருந்துச் சீட்டுகள் மட்டும்தான்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. முன்பு 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்ற சட்டத்தின் இடத்தில் 21 வகைகளோடு வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறை கண்டது. இதில் பெரும்பாலான பயன்களுக்குக் குறைந்தது 40 விழுக்காடு என்று சான்று வேண்டும். இங்கே அளவுகோலே மாறிவிடுகிறது. இஎஸ்ஐ மருத்துவ வாரியம் பார்ப்பது சம்பாதிக்கும் திறனின் இழப்பை. அரசு மருத்துவமனை பார்ப்பது உடலின் குறைபாட்டை. கட்டைவிரல் மட்டும் போனவர் பெரும்பாலும் 40ஐ எட்டமாட்டார். ஆனால் ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கிறவருக்குக் கட்டைவிரல்தான் தொழிலே. அது போனால் தொழிலில் பாதிகூட மிஞ்சாது. இரண்டாவது வாசலில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால்தான் முதல் வாசலை விட்டுவிடக் கூடாது. இதை அவருக்கு உரிய நேரத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியது யார்?

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் பெண்களுக்கோ முதல் வாசலே கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஏஜென்ட் கொண்டுவந்து போடும் தோல் துண்டுகளை ஜோடிக்குச் சில ரூபாய் கூலிக்குக் கையால் தைத்துக்கொடுப்பவர்கள் இவர்கள். அந்த ஷூ ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. ஆனால் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இவர்கள் பெயர் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் இஎஸ்ஐ இல்லை. தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்திருந்தால் விபத்துக்கு உதவி கிடைக்கும். பதிவு விபத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அடிபடாத நாளில் வீட்டுக்கு வந்து “உங்க பேரைப் பதிஞ்சிட்டீங்களாம்மா?” என்று கேட்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்?

திங்கட்கிழமை காலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் நடக்கும்போது போய்ப் பார்த்தால் அவரை அடையாளம் காணலாம். சில சமயம் அவரே மூன்று சக்கர வண்டியில் வந்த மாற்றுத்திறனாளி. சில சமயம் ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர், வக்கீல் குமாஸ்தா, ஜமாத்தில் பொறுப்பில் உள்ளவர், தேவாலயத்து ஊழியர். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தின் உள்ளூர்த் தோழராகவும் இருக்கலாம். அவரைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் துணிக்கடை பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஓரம் நைந்த எக்ஸ்ரே.

அவர் முதலில் மனு எழுத உட்காருவதில்லை. கேள்வி கேட்கிறார்.

“எந்த மெஷின்ல அடிபட்டுது?”

“கிளிக்கிங்ல சார்.”

“கூட யார் இருந்தா அப்போ? இஎஸ்ஐ கார்டு இருக்குதா?”

“கார்டு கம்பெனியிலயே வெச்சிக்கினாங்க சார்.”

“சம்பளம் பேங்க்ல போட்டாங்களா, கையில கொடுத்தாங்களா?”

பேங்கில் போட்டிருந்தால் பாஸ்புக்கை வாங்கி, அடிபட்ட மாதத்துக்கு முந்தைய வரவைத் தேடி விரலை ஓட்டுகிறார். அந்த ஒற்றை வரிதான் இனி சாட்சி. சுற்றி நிற்கும் பெண்களில் சிலருக்குத் தமிழைவிட உருதுதான் சரளம். படிவமோ தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. அவர்களிடம் உருதுவில் பேசுகிறார். நோயின் பெயரை அவர்கள் சொல்லும் விதத்திலிருந்து, மருத்துவர் எழுதியிருக்கும் ஆங்கிலச் சொல்லோடு பொருத்திப் பார்க்கிறார். எது 21 வகைகளில் வரும், எது வராது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். பத்தாண்டுகள் குனிந்து தைத்ததால் வந்த இடுப்புவலி அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்டுச் சிலர் கண் கலங்குவதையும் அவர்தான் தாங்கிக்கொள்கிறார்.

இந்த வேலையின் நுட்பத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உணர்வதில்லை. தமிழ்நாட்டில் மாதாந்திர உதவி இரண்டு துறைகளிலிருந்து வருகிறது. ஒன்று வருவாய்த் துறை தருவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ, தனி வட்டாட்சியர் என்று ஏற வேண்டும். 2023 ஜனவரியில் இது 1,500 ரூபாய் ஆனது. மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு உடையோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர், தண்டுவடம் அடிபட்டோர் முதலானோருக்கு உரியது. 2022இல் இது 2,000 ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எதற்கு மனுப் போடுவது என்று தெரியாமல் தவறான வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இப்போது இணையவழி மட்டுமே. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தி, சான்று தருவதற்கான கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டியது. மருத்துவ வாரியம் முடிவெடுக்காமல் இரண்டாண்டு கிடந்த விண்ணப்பம் செயலிழந்துபோகும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. முடிவு எடுக்காதது அதிகாரி, விண்ணப்பத்தை இழப்பது நோயாளி. இந்த விதி அநியாயமானது. உடனே நீக்கப்பட வேண்டும்.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. அலுவலகங்கள் அருகே வந்தது பலருக்கு நல்லதாயிற்று. ஆம்பூர்க்காரர் இப்போது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பத்தூருக்குப் போக வேண்டும், பேர்ணாம்பட்டுக்காரர் வேலூருக்கு. ஆனால் வீடு ஒரு மாவட்டத்திலும் கம்பெனி இன்னொன்றிலும் இருந்தால் எந்த அலுவலகம் என்பதிலேயே ஒரு நாள் கூலி போய்விடுகிறது. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லைதான். துணைக்கு வருபவரின் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு?

ஆதார் ரேகை விஷயத்தையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்துபோகிறது. தொழுநோய் தாக்கிய விரல்களில் ரேகையே இருப்பதில்லை. இயந்திரத்தில் விரல்களை இழந்தவரிடம் கட்டைவிரலை வைக்கச் சொன்னால் எதை வைப்பார்? விரல் இல்லாதவருக்குக் கருவிழிப் பதிவு போதும், இரண்டும் முடியாதவரையும் பதியலாம் என்று 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் கவுன்ட்டரில் இருக்கும் பையனுக்கு அது தெரியாவிட்டால் சிஸ்டம் எடுக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவான். பக்கத்தில் நின்று, விதி இருக்கிறது தம்பி, சூப்பர்வைசரைக் கூப்பிடு என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

வேலூர் நாட்டுக்குக் கற்றுத்தந்தது

இத்தனையும் நடப்பது வேலூரில் என்பதுதான் கூடுதல் வருத்தம். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று மருத்துவர் பால் பிராண்ட் உலகத்துக்குக் காட்டியது இங்கேதான். கரிகிரி தொழுநோய் மையம் 1955இல் வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார், திரும்பிவந்து சிஎம்சியில் அதற்கெனத் தனித் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. காயம் ஆறியதும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை, அந்த மனிதர் திரும்பவும் பிழைக்கும் வரை அது தொடர வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய கொள்கை. காட்பாடியில் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு வேலை தரத் தொடங்கப்பட்ட பட்டறை, பார்வையற்றோர் எழுதும் பிரெய்ல் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனமாக வளர்ந்ததும் அதே எண்ணத்தால்தான்.

அந்த மரபை முழுமையாக ஏற்றால், சான்றும் உதவித்தொகையும் மறுவாழ்வின் ஒரு பகுதி. செயற்கைக் கால் பொருத்துவதற்கு எப்படி ஒரு கைதேர்ந்தவர் வேண்டுமோ அப்படியே படிவத்துக்கும் வேண்டும்.

இதே மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது அது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தில் மீண்டும் ஆணை பிறப்பித்திருக்கிறது. அந்த ஆணையம் ஊர் ஊராகப் பாதிப்பைக் கணக்கெடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் உழவரும் தனித்தனியே அலைந்து தன் நிலம் கெட்டதை நிரூபிக்கட்டும் என்று விட்டுவிடவில்லை. நிலத்துக்குச் செய்ததை, அதே டேனரிகளில் உடல் கெட்டவர்களுக்கு ஏன் இன்னும் செய்யவில்லை? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிகள். அவ்வளவு பெரிய சாவு நடந்தால்தான் தொழிலாளியின் உடல் செய்தியாகிறது. ஒன்றிரண்டு விரல்கள் செய்தியாவதில்லை.

காட்பாடியைத் தாண்டி கிறிஸ்டியான்பேட்டை வழியாகவோ குடியாத்தத்தைத் தாண்டி பரதராமி வழியாகவோ போனால் சிறிது தூரத்தில் ஆந்திரம். 2024 ஜூலையில் அங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 3,000இலிருந்து 6,000 ரூபாய் ஆனது. அந்தத் தொகையும் மாதத்தின் முதல் தேதியில் வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. எல்லையின் இந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கு வயிறு எரியாதா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தரச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் தொகை 1,200 ஆனபோது நம் 1,500 அந்தக் குறைந்தபட்சக் கோட்டில் சரியாக வந்து நின்றது. சட்டம் சொன்ன கடைசிப் படியில் நிற்பதில் தமிழ்நாட்டுக்கு என்ன பெருமை? ஒன்றிய அரசின் பங்கோ 80 விழுக்காடு பாதிப்புள்ள வறியவருக்கு 300 ரூபாய். அதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. தொகையை உயர்த்தக் கோரி மாற்றுத்திறனாளிகள் சங்கம் குடியேறும் போராட்டம் வரை நடத்தியது நியாயமே.

தொகை உயர்ந்தாலும் வாசலைக் காட்டும் ஆள் இல்லாமல் அது சேர வேண்டியவருக்குச் சேராது.

தரகர் பயம்

இப்படிச் சொன்னால் அதிகாரிகள் பக்கத்திலிருந்து உடனே ஒரு பதில் வரும்: இடைத்தரகர்களை ஊக்குவிக்கிறீர்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. போலிச் சான்றுகள் உண்டு. மோசடியாகப் பயன் பெறுபவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 91ஆம் பிரிவே சொல்கிறது. முதல் மாதப் பணத்தில் பாதியைக் கேட்கும் தரகர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வழி தெரியாத இடத்தில்தான் தரகர் முளைக்கிறார். நேர்மையாக வழிகாட்டுபவருக்கு இடமும் அடையாளமும் கொடுத்தால் தரகருக்குப் பிழைப்பு ஏது?

மற்ற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஊன உதவிக்கு விண்ணப்பிக்கிறவருக்காக வாதாடுபவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேர்வெழுதித் தகுதி பெற்ற மற்றவர்களும் உண்டு. அவர் கட்டணத்தை அரசே வரையறுக்கிறது: நிலுவைத் தொகையில் 25 விழுக்காட்டுக்கு மிகாமல், 2024 நவம்பரில் வைத்த அதிகபட்சம் 9,200 டாலர். தோற்றால் கட்டணம் இல்லை. பிரிட்டனில் 1939இலிருந்து ஊர்தோறும் குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் காசு வாங்காமல் இந்த வேலையைச் செய்கின்றன. அமெரிக்க முறை நமக்கு வேண்டாம் என்பேன். 1,500 ரூபாயில் கால்பங்கு எடுப்பது பாவம். பிரிட்டிஷ் முறைக்கு ஏற்ற சட்டம் நம்மிடமே இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடுகிறது. அதில் மாற்றுத்திறனாளி இருக்கிறார். தொழிற்சாலைத் தொழிலாளி இருக்கிறார். பெண்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கை போன டேனரித் தொழிலாளி இரண்டு வகையிலும் உரியவர். வீட்டில் அப்பர் தைக்கும் பெண், பெண் என்பதாலேயே உரியவர். சட்டப் பணிகள் ஆணையத்தின் கீழ்ப் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். 15100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இத்தனை இருந்தும் அவை நீதிமன்ற வளாகத்தோடு நின்றுவிடுகின்றன. அடிபட்டவர் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. அவர் போவது இஎஸ்ஐ மருந்தகத்துக்கு, அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுக்கு, சான்று முகாமுக்கு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு.

ஆகவே மேசையை அங்கே போடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகளிலும் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நகரங்களின் இஎஸ்ஐ மருந்தகங்களிலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி, தமிழும் உருதுவும் பேசத் தெரிந்த ஒருவர். சேர்க்கைச் சீட்டில் ‘வேலையில் அடிபட்டது’ என்று எழுதப்பட்ட அன்றே விபத்து அறிக்கை போயிற்றா என்று அவர் கேட்க வேண்டும். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, கெடு தாண்டினால் மேலதிகாரிக்கு எழுத வேண்டும். இதை இன்று சொந்தக் காசில் பஸ் ஏறிச் செய்துகொண்டிருப்பவர்களையே அழைத்து, பயிற்சியும் அடையாள அட்டையும் மாதச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அவர்களில் பலர் மாற்றுத்திறனாளிகள். வேலைவாய்ப்பும் ஆயிற்று.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தங்கள், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம் நகராட்சிகளில் இந்த மேசைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை அந்த உறுப்பினர்களுக்குத் தரலாம். அவர்கள் முதலில் எடுக்க வேண்டிய கணக்கு, வார்டு வார்டாக வீட்டில் அப்பர் தைக்கும் பெண்களின் பெயர்கள். அந்தப் பட்டியல் நல வாரியத்துக்குப் போய், ஒவ்வொருவர் கைக்கும் பதிவு அட்டை வர வேண்டும்.